மழை பெய்தால் இஎல்சிபி விழுகிறது: நேராக இணைத்துவிடலாம் என்கிறார் வயர்மேன், சம்மதிக்கலாமா?

சிப்புட் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டைப் பற்றி விரைவில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மின்சார வேலை தெரிந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

என் பெற்றோர் தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறியபோது சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வரிசை வீடு அது. கட்டி ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகின்றன. பின்புறச் சமையலறையை அப்பா இரண்டு முறை நீட்டிக் கட்டினார். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வந்து பழைய வயரோடு புது வயரைச் சேர்த்துவிட்டுப் போனார். அப்பா இப்போது இல்லை. அம்மா தனியாக இருக்கிறார். பள்ளி விடுமுறை வந்தால் என் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் இருப்பார்கள். நான் கிள்ளானில் வேலை செய்வதால் மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போக முடிகிறது.

கடந்த இரண்டு மாதங்களாக, மாலையில் மழை பிடித்துக்கொண்டால் மெயின் பெட்டியில் இருக்கும், மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுந்து வீடு முழுவதும் இருண்டுவிடுகிறது. அம்மா முக்காலியில் ஏறி, ஒரு கையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதைத் தூக்கிவிடுகிறார். சில இரவுகளில் மறுபடி விழாமல் நிற்கிறது. சில இரவுகளில் விடியும்வரை நிற்பதில்லை, அரைத்து வைத்த மாவு குளிர்பெட்டிக்குள்ளேயே புளித்து வழிந்துவிடுகிறது. எழுபது வயதைத் தாண்டியவர் இருட்டில் முக்காலியில் ஏறுவதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

எங்கள் வரிசைக்கே பல ஆண்டுகளாக விசிறியும் விளக்கும் பழுதுபார்த்துத் தரும் ஓர் அண்ணன் வந்து பார்த்தார். பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இஎல்சிபி பழையதாகித் தொட்டால் விழுகிற நிலைக்கு வந்துவிட்டது, அதை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது, 80 ரிங்கிட் கொடுத்தால் போதும் என்றார். அம்மாவுக்கு அவர்மேல் நம்பிக்கை உண்டு. அவர் நேர்மையானவர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. பட்டணத்தில் பதிவுபெற்ற மின் குத்தகையாளர் ஒருவர் மீட்டரோடு வந்து ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, பழுதைத் தேடுதல், புதிய டிபி பெட்டி (மெயின் பெட்டி), தனித்தனி ஆர்சிடி (இஎல்சிபி வேலையைச் செய்யும் கருவி), புதிய எர்த் கம்பி, சோதனைச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து 1,850 ரிங்கிட் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் வீட்டைப் பார்க்காமலேயே, முழு வீட்டுக்கும் வயரை மாற்ற 5,600 ரிங்கிட் ஆகும் என்று தொலைபேசியில் சொன்னார்.

நேராக இணைப்பது உண்மையிலேயே ஆபத்தா? இரண்டாமவர் கேட்பது நியாயமான தொகைதானா? இந்த வார இறுதியில் ஊருக்குப் போகும்போது நானே பார்த்து வைக்கக்கூடியவை என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த கிரைண்டர் ஒன்று சமையலறையில் இருக்கிறது. ஈரக்கையால் தொட்டால் சில நேரம் விரலில் சுருக்கென்று குத்துகிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது என்று அம்மா சொல்கிறார்.


ஆலை மின்பணியாளர், ஓய்வு எழுதியது:

வணக்கம் அம்மா. செம்பனை எண்ணெய் ஆலையில் 31 ஆண்டுகள் மின்பகுதியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் கிரைண்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வார இறுதிவரை காத்திருக்கக்கூடாது. இன்றைக்கே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். சுருக்கென்று குத்துவது, இரும்பு உடலில் மின்சாரம் வந்து நிற்கிறது என்பதன் அறிகுறி. அது இன்று சிறிதாக இருப்பது, தரை காய்ந்திருப்பதாலும் காலில் செருப்பு இருப்பதாலும் மட்டுமே. மாவு கழுவிய நீர் தரையில் நிற்கும் ஒரு நாளில், மறுகை தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் ஒரு நேரத்தில், அந்தச் செருப்பால் எந்தப் பயனும் இருக்காது.

இனி இஎல்சிபிக்கு வருகிறேன். பெட்டிக்குள் இருவகைச் சுவிட்சுகள் இருக்கின்றன. வரிசையாக நிற்கும் சிறிய எம்சிபிகள் வயரைக் காக்க வைத்தவை. வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அவை விழும். நாம் பழக்கத்தில் இஎல்சிபி என்று சொல்லும் ஆர்சிடி, மனிதனைக் காக்க வைத்தது. லைவ் வயரில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. போனது முழுவதும் திரும்பவில்லை என்றால், மீதி நனைந்த சுவர் வழியாகவோ ஒரு மனிதனின் உடல் வழியாகவோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடுகிறது.

எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். நம் நாட்டு வீடுகளில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் அடித்த ஒரு செம்புக் கம்பிதான். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம்; அதுவே நல்ல எர்த். 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர் வருகிறது. சமையலறைச் சாக்கெட்டுக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால், லைவ் வயர் அப்படியே கிரைண்டர் உடலில் போய் ஒட்டிக்கொண்டாலும் அந்த எம்சிபி விழாது. கிரைண்டர் உடல் உயிருள்ள கம்பியாக நின்றுகொண்டே இருக்கும். அதைத் துண்டிக்க ஆர்சிடி ஒன்றுதான் இருக்கிறது, அதைத்தான் அந்த அண்ணன் 80 ரிங்கிட்டுக்கு எடுத்துவிடலாம் என்கிறார். ஈரக்கை உடையவரின் உடல்தடை ஏறத்தாழ 1,000 ஓம் ஆகலாம். அதில் 230 மில்லிஆம்பியர் பாயும். 10 மில்லிஆம்பியர் அளவிலேயே கை பிடித்ததை விடமுடியாமல் தசை இறுகத் தொடங்கும். 30-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே குலைந்துபோகலாம்.

ஆகவே சம்மதிக்காதீர்கள். மழைக்கு மட்டும் விழுகிறது என்றால் ஆர்சிடி கெட்டுப்போகவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது; நீர் இறங்கும் இடம் ஒன்று வீட்டில் இருக்கிறது.

நீங்களே செய்யக்கூடியது இவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில், காய்ந்த தரையில் நின்று, ஆர்சிடியின் முகத்தில் எழுதியிருப்பதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். அதில் 'டி' என்று குறித்த பொத்தானை அழுத்துங்கள், உடனே விழவேண்டும். விழாவிட்டால் அது செத்த கருவி, அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். மறுபடி மழை வந்து விழும்போது, எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு, ஆர்சிடியைத் தூக்கி, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்த எம்சிபியிலிருந்து போகும் வயர்ச் சுற்றில்தான் பழுது. பெட்டியின் மூடியைத் திறக்கவேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு முந்தைய வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.


லூனாஸ் வாசகி எழுதியது:

சகோதரி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் குளியலறை ஹீட்டரை மாற்றியபோது, வந்தவர் வேலையை முடித்துவிட்டு இஎல்சிபி நிற்கவில்லை என்று சொல்லி அதை நேராக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கரண்ட் போகாமல் இருக்கிறது, தண்ணீர் சூடாக வருகிறது, அதோடு திருப்தி அடைந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் என் கணவர் குளிக்கும்போது ஷவர் குழாயைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் அலறினார். என் மகன் ஓடிப்போய்த் தொடப்போனான். என் மாமியார்தான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, மெயினை அணை என்று கத்தினார். அவர் தோட்டத்தில் இருந்த காலத்தில் கம்பியில் சிக்கிய ஒருவரைத் தூக்கப்போய் இன்னொருவரும் விழுந்ததைப் பார்த்திருக்கிறார். மகன் மெயினை இறக்கிய பிறகுதான் என் கணவர் கீழே சரிந்தார். மூச்சு இருந்தது, இரண்டு நாள் மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் கண்காணித்தார்கள். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகு வந்து பார்த்த பதிவுபெற்ற வயர்மேன் சொன்னதை நான் மறக்கவில்லை. ஹீட்டரின் எர்த் வயர் ஹீட்டர்வரை வந்திருக்கிறது, ஆனால் பின்னால் சுவரிலேயே எதனோடும் சேராமல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஹீட்டருக்குள் இருக்கும் சொந்தப் பாதுகாப்புச் சுவிட்சும் ஒட்டிப்போய் விழாமல் இருந்தது, ஏனென்றால் வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்: யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் தொடக்கூடாது, முதலில் மெயினை இறக்கவேண்டும், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிட வேண்டும், பிறகு 999 என்ற அவசர எண்ணுக்கு அழைக்கவேண்டும். மெயின் பெட்டி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியவேண்டும், பிள்ளைகளுக்கும் எட்டவேண்டும். உங்கள் வீட்டில் முக்காலி போட்டு ஏறவேண்டியிருப்பது எனக்கு இஎல்சிபி விழுவதைவிடப் பெரிய குறையாகப் படுகிறது.


ஈப்போ வயர்மேன் எழுதியது:

வணக்கம். மூத்தவர் எழுதிய அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும். எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கும் முறையில் பழுது சில நேரம் அகப்படாது. வீட்டு எம்சிபி லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கிறது. நியூட்ரல் வயரின் உறை கிழிந்து எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சுற்றின் எம்சிபி இறங்கியிருந்தாலும் ஆர்சிடி விழக்கூடும். அப்போது நீங்கள் எதை ஏற்றினாலும் விழுவதுபோல் தோன்றி, தவறான சுற்றைக் குற்றம் சொல்லிவிடுவீர்கள். எல்லாவற்றையும் இறக்கியும் நிற்கவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு, இன்சுலேஷன் சோதனைக் கருவி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். அந்தக் கருவி 500 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்து வயர் உறையின் தடையை அளக்கும். ஒரு மெகா ஓமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்குக் குறைந்தால் அந்தச் சுற்று தேறாது. டெஸ்ட் பென் எரிகிறது, எரியவில்லை என்று மட்டும் பார்த்துச் சொல்பவருக்கு இது தெரியவே வழியில்லை.

எவ்வளவு கசிந்தால் விழும் என்பதற்கு ஆர்சிடியின் முகத்தில் 0.1A அல்லது 100mA என்று எழுதியிருக்கிறதா, 0.03A, அதாவது 30mA என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் வீடு முழுவதற்கும் 100 மில்லிஆம்பியர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி, கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளைச் செருகும் இடத்துக்கு 30 மில்லிஆம்பியருக்கு மேல் போகக்கூடாது, தரை நனையக்கூடிய இடத்துக்கு 10, மற்றவற்றுக்குத்தான் 100. குளியலறை ஹீட்டருக்கு நாங்கள் 10 மில்லிஆம்பியர் ஆர்சிடியைத் தனியாகப் போடுவது அதனால்தான். உங்கள் வீடும் பழையது என்பதால், பெட்டியில் இருப்பது 100 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். தனித்தனி ஆர்சிடி போட்டால் இன்னொரு நன்மையும் உண்டு: சமையலறையில் கசிந்தால் சமையலறை மட்டும் அணையும்; அம்மாவின் அறையில் விளக்கு எரியும், அவர் இருட்டில் முக்காலி ஏறவேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து வரும் கிரைண்டரில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: அங்குள்ள உருண்டை முனைப் பிளக் நம் சாக்கெட்டில் போகாது என்பதால் வெட்டிவிட்டு, இங்குள்ள 13 ஆம்பியர் பிளக்கைப் போடுகிறார்கள், அவசரத்தில் எர்த்துக்கான பச்சை வயரை மட்டும் வெட்டி உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். மோட்டார் ஓடும், எர்த் மட்டும் இருக்காது. நிறக் குழப்பமும் உண்டு. நம் நாட்டில் சுவருக்குள் ஓடும் நிலையான வயரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ் ஆக இருக்கலாம், கறுப்புதான் நியூட்ரல். கருவியோடு வரும் நெளிவு வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். சுவரில் இருக்கும் நீலத்தை நியூட்ரல் என்று எண்ணித் தொட்டவர்கள் உண்டு. இரு முனைப் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திறக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று விலைகளைப் பற்றிக் கேட்டீர்கள். 80 ரிங்கிட்டைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. 5,600 என்பது வீட்டையே பார்க்காமல் சொன்ன விலை. எந்தச் சுற்று தேறும், எது தேறாது என்பது அளந்த பிறகுதான் தெரியும் என்பதால், அளக்காமல் முழு வீட்டையும் மாற்றச் சொல்பவரை நான் ஏற்கமாட்டேன். 35 ஆண்டு பழைய பிவிசி வயராக இருந்தாலும், கூரைக்குள் எலி கடிக்காமல், சூடேறாமல் இருந்தால் தேறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 1,850 என்பது அவர் எழுதிய வேலைகளுக்குப் பொருந்தாத தொகை அல்ல. ஆனால் அதை உடைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழுது தேடுவதற்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு, எத்தனை ஆர்சிடி, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிஆம்பியர், என்ன பிராண்ட், சிரிம் தரச்சான்று முத்திரை உண்டா, எர்த் கம்பி ஒன்றா இரண்டா, தடை எவ்வளவு வரும்வரை அடிப்பார் என்பதெல்லாம் தாளில் இருக்கவேண்டும். பழுது எந்தச் சுற்றில் என்று கண்டுபிடித்த பின் அந்தச் சுற்றை மாற்றக் கூடுதல் செலவு வரலாம்; அதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பதிவுபெற்றவர் என்று சொன்னால் மட்டும் போதாது. எரிசக்தி ஆணையமாகிய சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த குத்தகையாளர் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அது காலாவதி ஆகக்கூடியது, தேதியைப் பாருங்கள். வேலை செய்ய வருபவரிடம் வயர்மேன் தகுதிச் சான்று தனியாக இருக்கவேண்டும். குத்தகையாளரிடம் பதிவு இருந்து, வருபவர் சான்றில்லாத உதவியாளராக இருப்பதும் நடக்கிறது. வேலை முடிந்ததும் இரண்டு தாள்கள் வாங்கவேண்டும்: வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கு போராங் (படிவம்) ஜி, சோதித்ததற்கு போராங் எச். நேராக இணைக்கும் எவரும் இந்த இரண்டிலும் கையெழுத்துப் போடமாட்டார். கேட்ட உடனே தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் ஈப்போவிலேயே ஆணையத்தின் பேராக் அலுவலகம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

மீட்டருக்கும் அதற்கு முந்தைய கட்அவுட் என்னும் ஃபியூஸுக்கும் மின் விநியோக நிறுவனமாகிய தெனாகா நேஷனல் முத்திரை போட்டிருக்கும். அதை யாரும் உடைக்கக்கூடாது. உடைத்தால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்லவேண்டிவரும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் பொறி தெரிந்தால் 15454-க்கு அழையுங்கள், அது அவர்கள் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு எல்லாம் உங்கள் பொறுப்பு.


தைப்பிங் நண்பர் எழுதியது:

எல்லாரும் அச்சமூட்டுவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் இடி இடித்தால் எல்லார் வீட்டிலும்தான் இஎல்சிபி விழுகிறது. புதிய இஎல்சிபி ஒன்று வாங்கி மாற்றினால் 200 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். தனியாக இருக்கும் ஒரு மூதாட்டிக்கு எதற்கு 1,850?


ஈப்போ வயர்மேன் எழுதியது:

நண்பரே, நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. மின்னல் அடிக்கும்போது நொடிப்பொழுது வரும் மின்னெழுச்சியால் நல்ல ஆர்சிடியும் விழும். ஆனால் அப்படி விழுந்தால் தூக்கிவிட்டதும் நின்றுவிடும். விடியும்வரை நிற்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். அது மின்னலாக இருக்க முடியாது. சுவர் காயும்வரை கசிவு தொடர்கிறது என்பதுதான் பொருள். அந்நிலையில் புதியதை மாற்றினால் புதியதும் விழும், 200 ரிங்கிட்டும் போய்விடும். 100 மில்லிஆம்பியர் ஆர்சிடி 50-க்கும் 100-க்கும் இடையில் எங்கேயும் விழலாம் என்பதால், மாற்றியது தற்செயலாகச் சற்று மந்தமாக இருந்து நின்றுவிட்டால் இன்னும் கெடுதல். கசிவு அங்கேயே இருக்க, பழுது தீர்ந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிவிடுவோம்.


சிப்புட் மகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கிரைண்டரை அன்றைக்கே பிடுங்கி வைத்துவிட்டோம். ஊருக்குப் போய்ப் பெட்டியைப் படம் எடுத்தேன், 40A, 0.1A என்று எழுதியிருக்கிறது, வயர்மேன் ஐயா சொன்னதுபோலவே வீட்டுக்கு ஒன்றே ஒன்று. 'டி' பொத்தானை அழுத்தியதும் விழுந்தது. லூனாஸ் சகோதரியின் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, அந்தப் பட்டணத்துக் குத்தகையாளரையே வரச்சொல் என்றார்.

எனக்கு இருந்த ஒரே சங்கடம் அந்த அண்ணன். இத்தனை ஆண்டு நம் வீட்டுக்கு வந்தவரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?


ஆலை மின்பணியாளர், ஓய்வு எழுதியது:

வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை அம்மா. வேலை நடக்கும் நாளில் வந்து உடனிருக்கும்படி அம்மாவே அவரைக் கூப்பிடட்டும். பழைய வயர் எங்கே போகிறது, சமையலறையை நீட்டியபோது எங்கே சேர்த்தார்கள் என்பது இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பழுது தேடும் நேரத்தில் பாதி அதனால் மிச்சமாகும். தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடிய காலத்தில் பார்த்துப் பார்த்தே வேலை கற்றவர்கள் நம்மில் பலர். அன்று எங்களுக்கு ஆர்சிடி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அளந்து காட்டினால் புரிந்துகொள்வார்.


சிப்புட் மகள் எழுதியது:

வேலை முடிந்துவிட்டது. ஒன்றரை நாள் ஆனது. பின்னால் இதே நிலையில் இருப்பவருக்குப் பயன்படலாம் என்பதால் கண்டுபிடித்ததை விவரமாக எழுதுகிறேன்.

குத்தகையாளர் வயர்மேன் ஒருவரையும் உதவியாளர் ஒருவரையும் அழைத்து வந்தார். சான்றிதழைக் கேட்டபோது முகம் சுளிக்காமல் காட்டினார், தேதியும் சரியாக இருந்தது. ஐயா சொன்னபடி அந்த அண்ணனும் வந்திருந்தார். முதலில் எர்த்தைச் சோதித்தார்கள். பெட்டியிலிருந்து பச்சை வயர் சுவர்வழியாகப் பின்புறம் போய், சமையலறையை இரண்டாம் முறை நீட்டியபோது ஊற்றிய சிமெண்டுத் தரையின் விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றது. செம்புக் கம்பி அந்தத் தரைக்கு அடியில் எங்கேயோ புதைந்திருக்கிறது. அதாவது கடந்த 12 ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு எர்த்தே இல்லை. வீட்டின் பக்கவாட்டில் புதிய கம்பி அடித்து அளந்தபோது 19 ஓம் காட்டியது. இன்னொரு கம்பியைச் சற்றுத் தள்ளி அடித்து இரண்டையும் சேர்த்த பிறகு 8 ஓமுக்கு வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து அளந்தார்கள். முன் அறைகளும் கூடமும் 50 மெகா ஓமுக்கு மேல் காட்டின. பின்புற விளக்குச் சுற்று, காய்ந்த நிலையில் 0.4 மெகா ஓம்தான். அப்போது அந்த அண்ணன்தான், பின்சுவரில் இருக்கும் வெளிவிளக்குக்கு வயர் கூரைத் தகட்டுக்குக் கீழே சேர்க்கப்பட்டிருக்கிறது, அங்கே டேப் மட்டும்தான் சுற்றியது நினைவிருக்கிறது என்று இடத்தைக் காட்டினார். வயர்மேன் அந்தச் சுவரில் ஒரு வாளி நீரை ஊற்றச் சொல்லிவிட்டு மீண்டும் அளந்தார். தடை 3,000 ஓம் அளவுக்குச் சரிந்தது. 230-ஐ 3,000-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 77 மில்லிஆம்பியர் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். சுவரை உடைத்துப் பார்த்தபோது டேப் உரிந்து, செம்பு பச்சைப் பூத்திருந்தது. அந்த அண்ணன் அந்த வயர்த்துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நான் நேராக இணைத்திருந்தால் இந்தச் சுவர் முழுவதும் கரண்ட் ஓடியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னார்.

பின்புற விளக்குச் சுற்றையும் சமையலறைச் சாக்கெட்டுச் சுற்றையும் புது வயரில் இழுத்ததற்குக் கூடுதலாக 420 ரிங்கிட் ஆனது. முன்பே கேட்டு வைத்திருந்ததால் மனவருத்தம் இல்லை. புதிய பெட்டியை நிலைக்கு மேலிருந்து இறக்கி, அம்மா தரையில் நின்றபடியே தொடும் உயரத்தில் வைத்தார்கள். சாக்கெட்டுகளுக்கு 30, ஹீட்டருக்கு 10, விளக்குகளுக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே எந்த அறை என்று தமிழில் எழுதி ஒட்டச் சொன்னேன், ஒட்டினார்கள். போராங் ஜி, போராங் எச் இரண்டையும் வாங்கி அப்பாவின் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

கிரைண்டரின் பிளக்கைத் திறந்து பார்த்ததில், வயர்மேன் ஐயா எழுதியதுபோலவே பச்சை வயர் வெட்டப்பட்டு உள்ளே மடக்கி வைக்கப்பட்டிருந்தது. எர்த்தைச் சேர்த்து மீண்டும் செருகியதும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி உடனே விழுந்தது. மோட்டாருக்குள்ளேயே கசிவு இருக்கிறதாம். அதை அம்மா தூக்கிப்போட மனமில்லாமல் மோட்டார் கட்டும் கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

இந்த இரண்டு வாரத்தில் நான்கு முறை கனமழை பெய்திருக்கிறது, ஒருமுறையும் விழவில்லை. மின்கட்டண ரசீது வரும் நாளில் எல்லா 'டி' பொத்தான்களையும் அழுத்திப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்புவதாக அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்கு வெளியே விளக்குச் சரம் போடுவதற்கு, சன்னல்வழி எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்காமல் மூடியுள்ள வெளிச் சாக்கெட் ஒன்றை 30 மில்லிஆம்பியர் சுற்றில் சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வந்து செய்வதாகக் குத்தகையாளர் சொல்லியிருக்கிறார்.